தொண்ணூற்றெட்டு வாங்கினாள்

"எங்க அம்மாவுக்கு யாரோ தூக்க மாத்திரை கலந்து குடுக்கறாங்க" என்றாள் தையல்கடைக்காரி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. "யாரோ என்ன யாரோ, எங்க அண்ணிதான்."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதமாக அந்த அலுவலகத்துக்குக் காணாமல் போன இரண்டு நாய்களையும் ஒரு சைக்கிளையும் தவிர வேறு வழக்கு வந்ததில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று முப்பது வருடம் பீற்றிக்கொண்டவர், இப்போது அக்கா வீட்டுக்காரரின் துப்பறியும் தொழிலில் வலியப் போய் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த அத்தானோ, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளைப் பார்த்து உண்மை எது, புளுகு எது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்பது மச்சானின் தீராத குறை.

"முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார் அத்தான்.

அம்மாவுக்கு நுரையீரல் பழுது. இனிமேல் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக வீட்டிலேயே ஆக்ஸிஜன். சிலிண்டர் இல்லை, காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். முதலில் நன்றாகத்தான் இருந்தாள். இந்த மூன்று வாரமாக மத்தியானம் ஆனால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம், எழுந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, நாக்குக் குழறல்.

"நேத்து சாயங்காலம் என்னைப் பாத்து, 'நீங்க யாரு?'ன்னு கேட்டா சார்." அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "பெத்த தாய். அண்ணன் கப்பல்ல இருக்கான், ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவான். அண்ணிதான் டீ போடறா, அண்ணிதான் குடுக்கறா. இன்னிக்குள்ள நீங்க கண்டுபிடிக்கலேன்னா நான் போலீசுக்குப் போயிடுவேன்."

பதினொரு மணிக்கு அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள்.

படுக்கையறையில் அம்மா மூன்று தலையணைகளில் சாய்ந்து, நெற்றியில் கை வைத்தபடி கிடந்தாள். மூக்கில் மெல்லிய குழாய். அதன் மறுமுனையில் ஒரு பயணப்பெட்டி அளவுக்கு, அடியில் சக்கரம் வைத்த மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் குனிந்து அதை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரை ஒட்டாமல், காற்று இழுக்க இடம் விட்டு வைத்திருந்தார்கள். பின்பக்கத்து வடிகட்டி சுத்தமாக இருந்தது. குழாய் எங்கும் மடங்கவில்லை. ஆக்ஸிஜன் ஈரமாகிப் போவதற்காக மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே குமிழிகள் எண்ணிவிடலாம் போல ஒவ்வொன்றாக எழும்பின. அளவு காட்டும் கண்ணாடிக் குழலில் சின்னப் பந்து ஒன்றாம் கோட்டில் நின்றது. டாக்டர் எழுதியதும் ஒரு லிட்டர்தான்.

இதற்குள் மச்சான் சமையலறைக்குப் போய், மருமகள் போட்ட டீயை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, தூக்கம் வருகிறதா என்று தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கியிருந்தார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை வீட்டில் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் அத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கும்மா? ஒரு லிட்டர்தானே?"

"மெஷின் வித்த கடைக்காரரும் அதைத்தான் சொன்னார் சார். தோள்ல மாட்டற சின்னதைக் காட்டினார். அது மூச்சை இழுக்கும்போது மட்டும்தான் குடுக்குமாம், ராத்திரி தூங்கறவங்களுக்கு ஆகாதுன்னு அவரே எடுத்து வெச்சுட்டார். அஞ்சு லிட்டர் மெஷினே தாராளம்னார். ஐயாதான் பத்து லிட்டர் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னார்."

ஐயா என்றது அம்மாவின் கணவரை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டில் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மனைவியின் போர்வையைத் தேவையே இல்லாமல் நான்காவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

விரலில் கருவி மாட்டிப் பார்க்கும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சிஸ்டர் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். காலை தொண்ணூறு, நண்பகல் எண்பத்தொன்பது, மாலை ஐந்து மணிக்குத் தொண்ணூறு. மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. அந்த எண்கள் சிவப்பு மையில் இருந்தன.

"ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நான் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடுவேன் சார். அப்ப ஐயா பாத்து எழுதுவார். நல்லா ஏறுதேன்னு எனக்கும் சந்தோஷம்தான்."

மருமகளின் வேலை பக்கத்து அறையில், தொலைபேசியில். இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்வாள். அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"என்னைத்தானே சந்தேகப்படறாங்க? டப்பாவெல்லாம் தொறந்து பாருங்க. அத்தை தூங்கினா எனக்கு என்ன லாபம்? நிம்மதியா வேலைகூடப் பாக்க முடியல. மத்தியானமானா அந்த பாட்டில் உலை கொதிக்கற மாதிரி சத்தம் போடுது. போன்ல பேசறவங்க 'குளிச்சுக்கிட்டே பேசறீங்களா?'ன்னு கேக்கறாங்க."

"காலைல?"

"காலைல ஒரு சத்தமும் இல்லையே."

கடைசியாக அத்தான் வாத்தியாரிடம் வந்தார். "எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா. இவங்க சும்மா பயப்படறாங்க" என்றார் வாத்தியார், முகம் மலர. "நேத்துகூடத் தொண்ணூத்தெட்டு வாங்கினா."

அத்தான் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் டாக்டருக்கு போன் செய்தார். திரும்பி வந்தபோது மணி ஒன்றே முக்கால். அவர் நடையில் அப்படி ஒரு வேகத்தை மச்சான் பார்த்ததே இல்லை.

"சிஸ்டர், இன்னிக்குச் சாப்பாடு அப்புறம். எல்லாரும் இங்க வாங்க. ரெண்டு மணிக்கு இந்த ரூம்ல எல்லாரும் இருக்கணும்."

"டீ சுத்தம் அத்தான்" என்று மச்சான் காதோடு சொன்னார். "ரெண்டு தம்ளர் குடிச்சேன், கொட்டாவிகூட வரல. அப்ப சிஸ்டர்தானே?"

"மாத்திரையே கிடையாது மச்சான்." அத்தான் எல்லோரையும் பார்த்துப் பேசினார். "மனுஷங்க தூங்கறப்ப இந்த அளவு கொஞ்சம் இறங்கும், இல்லேன்னா அப்படியே இருக்கும். காலைல முழிச்சிருக்கறப்பவே தொண்ணூறைத் தாண்டாதவங்க, அதே ஒரு லிட்டர்ல, தூக்கத்துல தொண்ணூத்தெட்டுக்கு எப்படிப் போவாங்க? அந்த நேரத்துல மட்டும் ஒரு லிட்டர் இல்ல. ஒரு லிட்டருக்குக் குமிழி முணுமுணுக்கும். நாலஞ்சு லிட்டருக்குத்தான் கொதிக்கும். ஏம்மா, உங்க பேச்செல்லாம் ஆபீஸ்ல பதிவாகும் இல்லையா?"

மருமகள் நேற்று இரண்டரை மணிப் பேச்சை ஓடவிட்டாள். யாரோ ஒருவர் விலாசம் சொல்ல, பின்னால் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பதிவை நிறுத்தியதும் அறையில் மெல்லிய முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

"அந்த அளவைப் பத்திப் பல பேர் பேசிக் கேட்டிருக்கேன். 'இருந்துச்சு'ன்னு சொல்றவங்க உண்டு, 'காட்டுச்சு'ன்னு சொல்றவங்க உண்டு. நமக்கு வாங்கறதுன்னா மூச்சுதான் வாங்கும். தொண்ணூத்தெட்டு 'வாங்கினா'ன்னு ஒருத்தர்தான் சொன்னார். வாங்கறதுக்கு அது என்ன மார்க்கா?"

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார்.

"எம்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரண்டுக்குள்ள இருக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தார்" என்றார் மெதுவாக. "எம்பத்தெட்டு பாஸ் மார்க்குன்னு நெனச்சேன். ஏன் பாஸோட நிக்கணும்? பெரிய மெஷின் இருக்கு, அதோட திருகைக் கொஞ்சம் திருப்பினா நூத்தைத் தொடறா. சிஸ்டர் பாத்தா திட்டுவாங்கன்னு நாலு மணிக்கு முன்னாடி இறக்கிடுவேன். மூச்சு வாங்காம, அப்படி நிம்மதியாத் தூங்கினாளே சார்!"

"அது நிம்மதி இல்ல ஐயா" என்றார் அத்தான். சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. "இவங்க நுரையீரல் குறைச்சலான ஆக்ஸிஜனுக்குப் பழகிப்போனது. அளவுக்கு மேல குடுத்தா, உள்ள இருக்கற கெட்ட காத்து வெளிய போகாம ரத்தத்துல சேந்துடுமாம். அதுதான் தலைவலி, குழறல், அந்தத் தூக்கம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா முழிச்சிருக்கவே மாட்டாங்கன்னு டாக்டர் சொல்றார். ஒரு லிட்டரை மாத்தாம, உடனே கூட்டிட்டு வரச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருது, உள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கு."

மகள் அண்ணியைப் பார்க்கவும் முடியாமல், அப்பாவைத் திட்டவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றவாளியின் கையைப் பிடித்து முறுக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் மச்சான் மூன்று மாதம் காத்திருந்தார். மாத்திரையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றியது. திட்டுவதற்காவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க" என்றாள். அடுத்த வார்த்தைக்கு மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது. "திருப்பறது... எனக்குத் தெரியும். கெடுதல்னு தெரியாது. கை சும்மா இருந்தா... அழறார்."

வாத்தியார் அத்தானின் பக்கம் திரும்பினார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தவரின் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அப்ப நான் என்ன சார் செய்யட்டும்? இவ இப்படி மூச்சுக்குத் தவிக்கறா. நான் என்னதான் செய்யட்டும்?"

பக்கத்து அறையில் மருமகளின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சிஸ்டர் அம்மாவின் விரலில் கருவியை மாட்டினாள். "எம்பத்தொம்போது" என்றாள். வாத்தியாரின் வலது கை தானாக மெஷினை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. அவர் அதை இழுத்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.