பெயரில்லாத ஐந்தாவது மெஷின்

காலையில் பார்த்தபோது கம்ப்யூட்டர் திரையிலிருந்த பட்டியலில் நாலு மெஷின்கள்தான் இருந்தன. மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஐந்து இருந்தது. ஐந்தாவதுக்குப் பெயர் இல்லை.

யாராவது சோதனைக்குப் போட்டிருப்பார்கள் என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். ஆனால் யார்? கார்த்திகை தீபத்துக்கு உள்ளூர் விடுமுறை. வேங்கிக்காலில் அந்த மாடி ஆபீசில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஊரிலுள்ள நாலு ரத்தப் பரிசோதனை லேப்களின் ரிப்போர்ட்டுகளெல்லாம் அங்கிருந்த ஒரு பெரிய சர்வரில் இருந்தன. ஒரே வீட்டில் நாலு குடித்தனம் மாதிரி, அதற்குள்ளே நாலு மெய்நிகர் மெஷின்கள். லேப்கள் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உள்ள பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும்.

"ஸ்னாப்ஷாட் எடுத்துட்டியாம்மா?" மேனேஜர் சுரேஷ்குமார் போனில் கேட்டார். அவருக்குப் பின்னால் மேளச் சத்தம்.

"எடுத்துட்டேன் சார்."

பொய். அப்கிரேடுக்கு முன்னால் மெஷினை அப்படியே நகலெடுத்து வைப்பது வழக்கம். ஏதாவது சொதப்பினால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரை மணி ஆகும். ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றும்போது அவள் அடி அண்ணாமலையில், வீட்டில் இருந்தாக வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, நடந்துதான் போக வேண்டும். போன வருஷம் ஆபீசில் மாட்டிக்கொண்டதில் மகள் ஆர்த்தி விளக்கேற்றாமலே அழுது தூங்கிப்போனாள்.

"நீ வந்தாதான் ஏத்துவேன். அப்பா சொன்னாலும் ஏத்தமாட்டேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சொல்லும்போதே எழிலரசியின் இடது மணிக்கட்டைத் தடவினாள். அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு அது. அதைத் தடவிக்கொண்டேதான் அந்த ஆறு வயசுப் பெண் தினமும் தூங்குவாள்.

நாலு மணிக்கு நாலும் முடிந்தன. ஏசியின் ஒரே சுருதி உறுமலும், சூடான தூசியின் வாசனையும், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் கறுத்துப்போயிருந்த சர்வரின் மூச்சு விடுகிற மாதிரியான காற்றோட்டமும், ஜன்னலுக்கு வெளியே லட்சம் கால்கள் நடக்கிற இரைச்சலுமாக அந்த அறை நிறைந்திருந்தது. அவள் கைப்பையை எடுத்தாள்.

ஐந்தாவது மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்தது.

அப்கிரேடு எப்படி நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். பழசு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசு சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து இறங்கும். எல்லாம் பொருந்தி உட்கார்ந்த பிறகுதான் பழசை அழிக்கும்.

பத்து சதவீதம்.

எக்கேடோ கெடட்டும் என்று போய்க் கதவின் பூட்டில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'பதிவில் இல்லை.' விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். பதிவில் இல்லை. பத்து விரலையும் வைத்தாள்.

மேனேஜருக்கு லைன் போகவில்லை. வீட்டுக்குப் போனது.

"ஏங்க, ஆபீஸ் கதவு தெறக்கல. யாரையாவது அனுப்புங்க."

"அதுக்குள்ள என்ன அவசரம்? கொஞ்சம் தள்ளிப் பாரு" என்று சிரித்தான் அவள் கணவன் சரவணகுமார். "இரு, கேட்டுல யாரோ. பாத்துட்டு வரேன்."

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. கேட் கிறீச்சிட்டது. பிறகு ஆர்த்தியின் குரல், சந்தோஷத்தில் கிழிகிற மாதிரி.

"அம்மா!"

போன் கட்டானது.

நாற்பத்தைந்து சதவீதம்.

திரும்பத் திரும்ப அடித்தாள். ஐந்தரைக்குத்தான் எடுத்தான்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தாங்க. எழிலு."

"தீபத்தன்னைக்கு வெளாட வேற ஆள் கெடைக்கலியா? எழிலு இங்க மாவு பெசஞ்சினு இருக்குது. வைங்க போனை."

எண்பது.

சர்வரின் பின்னால் மண்டியிட்டு, மின்சார வயரைப் பிடித்தாள். நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். புதுசும் போகும், பழசும் போகும். திரும்பிப் போக நகலும் இல்லை. அரை அரை மணியாக மிச்சம் பிடித்தவள் அவள்தான்.

இழுத்துவிட்டால், அப்புறம் ஆர்த்திக்கு அம்மா?

வயரை விட்டாள்.

அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே இருட்டியது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. தரையின் குளிர் தெரியவில்லை. தூசி வாசனை தெரியவில்லை.

கடைசியாக வீடியோ கால். ஆர்த்திதான் எடுத்தாள். திரையைப் பார்க்கக்கூட இல்லை. போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். மொட்டை மாடி. அகல் வரிசை. எழிலரசி உடுத்தியிருந்த அதே ஊதாப் புடவையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகம்தான், தூக்கம் கெடாத முகம்.

"ஆர்த்தி" என்று எழிலரசி கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

மலைமேல் தீ எழுந்தது. ஊர் மொத்தமும் "அரோகரா" என்று அலறியதில் ஜன்னல் அதிர்ந்தது. கண்ணாடியில் மேசை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. சர்வரின் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

அவள் தெரியவில்லை.

நூறு. 'பழையது நீக்கப்படுகிறது.'

போனில் தெரிந்த அந்தப் பெண், ஆர்த்தியின் கையைப் பிடித்து முதல் அகலை ஏற்றினாள். ஆர்த்தி அவள் மடியில் சாய்ந்தாள். கண் மலைமேல் இருந்தது. விரல் மட்டும் அந்த இடது மணிக்கட்டில் ஊர்ந்தது. வழவழவென்ற மணிக்கட்டு. மேலே தடவினாள். கீழே தடவினாள். திருப்பித் தடவினாள்.

விரல் தேடிக்கொண்டே இருந்தது.