டப்பாவில் மூன்றே பொத்தான்

அம்மா துணி தைக்கும்போது, அவருடைய போனில் இலவசப் பாடங்கள் பார்ப்பாள் பத்து வயதுச் சுருட்டை. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை விளையாட வைத்தே கண்டுபிடிக்கும் பாடம் ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"நாமளும் செஞ்சு பார்க்கலாமா?" என்று அண்ணனையும் கீழ்வீட்டுத் தோழி நெட்டையையும் அழைத்தாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்கு ஐந்து பொத்தான். எத்தனை வேண்டுமானாலும் டப்பாவில் ரகசியமாகப் போடலாம். விழுந்த அளவுக்கு அம்மாவும் போடுவார். மொத்தத்தையும் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். எதுவும் போடாதவருக்கும் பங்கு உண்டு; போடாமல் வைத்துக்கொண்டவையும் அவரவருக்கே.

முதல் சுற்றில் பன்னிரண்டு விழுந்தன. அடுத்ததில் ஆறு. மூன்றாவதில் மூன்றே மூன்று.

அண்ணன் கண்ணைச் சுருக்கினான். "நெட்டை போடும்போது சத்தமே வரலை."

"காதை டப்பாவுக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்றாள் நெட்டை. முகம் சிவக்க எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சுருட்டைக்காகக் காத்திராமல் தனியாகவே பள்ளிக்குப் போனாள்.

சுருட்டைக்கு வகுப்பில் மனமே ஒட்டவில்லை. இடைவேளையில் நெட்டையைத் தேடிப் போனாள்.

"மூணாவது தடவை நான் ஒண்ணுகூடப் போடலை."

நெட்டை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுவும் உன் விளையாட்டா?"

"இல்லை. அண்ணன் ஏமாத்துவான்னு நினைச்சேன். அதான் போடலை."

நெட்டை காலணியால் தரையைத் தேய்த்தாள். "நான் ஒண்ணுதான் போட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு. சேர்ந்து ஏமாத்துவீங்கன்னு நினைச்சேன்."

"அப்போ மத்த ரெண்டும்..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்ததிலேயே அதிகம் போட்டவன் அண்ணன்தான்.

மாலையில் சுருட்டை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  "நானும் நெட்டைமேல பழி போட்டுட்டேனே," என்று அவன் முனகினான். சுருட்டை கீழே போய் நெட்டையைக் கூட்டி வந்தாள்.

"இந்தத் தடவை முதல்லயே பேசிக்கலாம். எல்லாரும் அஞ்சையும் போடுவோம்," என்றாள் சுருட்டை.

"சொன்னபடி போடுவீங்களா?" நெட்டைக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை.

"போட்டாத்தானே தெரியும்," என்றான் அண்ணன்.

ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். அம்மா மூடியைத் திறந்தார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினைந்து.

"இன்னும் பதினஞ்சு நான் போடணுமா? அப்புறம் சட்டைகளுக்கு எதைத் தைக்கிறது?" என்று சிரித்தபடியே அம்மா தன் பெட்டியைக் கவிழ்த்தார்.

சுருட்டை குவியலை மூன்றாகப் பிரித்தாள். யாரும் யார் பங்கையும் எண்ணிப் பார்க்கவில்லை.