மூடிக்குள் ஏழாவது பெயர்

காலையிலிருந்து கணப்பு எரிந்துகொண்டிருந்தும், கடையில் அந்த ஒயின் பெட்டியின் மூடி மட்டும் பனி பூத்திருந்தது. ஹெஸ்டர் துணியால் துடைத்தாள். விரல்கள் மரத்துப்போயின. திரும்பிப் பார்ப்பதற்குள் மஹோகனி மரத்தின் சிவப்பு மறுபடி வெளிறியிருந்தது.

லட்லோ ஊரில் இருபது வருடமாகப் பழம்பொருள் விற்கிறவள் அவள். விருந்து நாளில் ஐஸ்கட்டிக்குள் பாட்டில்களை அடுக்கிவைக்க அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் செய்துகொண்ட பெட்டி அது. சவப்பெட்டி வடிவம், பித்தளைப் பூட்டு, உள்ளே ஈயத் தகடு. திறந்தால் ஈய வாடையோடு நனைந்த கம்பளி வாடையும் வந்தது. மூடியின் உட்புறம் ஒட்டிய பழுப்புத் தாளில், 1811 தொடங்கி, ஆறு கையெழுத்தில் ஆறு பெயர்கள். யார் கைமாறி யாரிடம் வந்தது என்று இப்படி அறாமல் தெரிகிற சாமான் ஆயிரத்தில் ஒன்று. அந்தச் சங்கிலி தன் கையில் அறுந்துபோக எந்தப் பழம்பொருள்காரிக்கு மனம் வரும்? காலையில் ஏழாவதாகத் தன் கணவன் பெயரை எழுதிவிட்டாள்: கைல்ஸ் பார்டோ. நெஞ்சுவலியில் செத்துப் பிழைத்தவனுக்குப் பிறந்தநாள் பரிசு.

"அதுக்குள்ள பெட்டியா? இன்னும் அளவே எடுக்கலியே!" என்று சிரித்துவிட்டு, கைல்ஸ் மாடிக்குப் படுக்கப் போனான்.

மத்தியானம், பெட்டியை விற்ற மிஸ் ஃப்ரோபிஷருக்கு ஃபோன் போட்டாள்.

"ஆறாவது பேரு, ரூபர்ட் ஃப்ரோபிஷர். உங்க அப்பாங்களா?"

"தம்பி. வாங்கினது அப்பாதான். செல்லப்பிள்ளை பேர்ல இருக்கட்டும்னு எழுதினார். அந்த வாரமே போய்ட்டான். நல்ல வெயில் காலம். கட்டில்ல வெறச்சுக் கிடந்தான்."

"அப்ப மத்த அஞ்சு பேரு?"

"ஒருத்தர்கூட வாங்கினவங்க இல்லம்மா. வாங்கினவங்க யார்மேல ஆசை வச்சாங்களோ அவங்க. அத்தனை பேரும் அப்படித்தான் போனாங்க. நீங்க எதுவும் எழுதலியே?"

"பாவி! விக்கிறப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா யாரு வாங்குவா?"

ஹெஸ்டர் ஃபோனை வைத்தாள். பேனாக்கத்தியை எடுத்து கைல்ஸின் பெயரைச் சுரண்டினாள். காலையில் எழுதிய நீல மசி, மற்ற ஆறையும்போலப் பழுப்பேறிக் கிடந்தது. கத்தி முனை ஒடிந்தது. தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"கைல்ஸ்!"

மாடிப்படி ஏறினாள். ஏற ஏறக் குளிர். அதே கம்பளி வாடை. கைப்பிடியில் ஈரம். கடவுளே, அவனை விட்டுவிடு. கதவு. தள்ளினாள்.

அவன் படுத்திருக்கவில்லை. மெத்தையின் நடுவில், முழங்கால்கள் முகவாயில் இடிக்க, கைகள் விலாவோடு ஒட்ட, குறுகி உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம். கண்கள் திறந்திருந்தன.

"வந்துட்டியா ஹெஸ்? வெளிச்சம் கண்ணக் குத்துது. மூடியச் சாத்திடு."

அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பேசிய அவன் வாயிலிருந்து எதுவும் புகையவில்லை.