திருத்தமா, மாற்றமா

பட்டப்பகலில், அலுவலகக் கணினியின் நில வரைபடத்தில், தன் வீட்டுக் கொல்லையில் இருக்கக்கூடாத ஒரு கட்டத்தைப் பார்த்தார் ஹனீபா. ஆறடி நீளம், இரண்டடி அகலம். பக்கத்தில், நில அளவைக்காரராக இருந்த அவருடைய அத்தா 1958இல் எழுதிய குறிப்பு: ‘கபுர். சபூரா. 1938.’

சபூரா பாட்டனாரின் மூத்த மனைவி. நாகூருக்குக் கப்பலேறிப் போய்விட்டாள் என்றுதான் குடும்பம் ஊருக்குச் சொல்லியிருந்தது; கொல்லையில் புதைகுழி என்று அல்ல. நாளைக் காலை இந்த வரைபடம் ஊரார் பார்வைக்குப் போகிறது. கண்ட கண்ட கடைக்காரனெல்லாம் வாசலில் நின்று கேள்வி கேட்பான்.

“இத அழிக்கணும்,” என்றார்.

“எதையும் அழிக்க முடியாதுலா, அங்கிள்.” பக்கத்து மேசை ஃபாத்தின் திரும்பக்கூட இல்லை. “பழைய பதிவு தப்புன்னா ‘திருத்தம்’ போடுங்க. எப்பவுமே இல்லைன்னு ஆயிடும். ‘மாற்றம்’ போட்டா, இன்னிக்கி வரைக்கும் இருந்துச்சு, இனிமே இல்லைன்னு அர்த்தம்.”

“எங்க அத்தா அளந்ததுல தப்பா? உங்க பரம்பரையில எவனாச்சும் அளவுச் சங்கிலி பிடிச்சிருக்கானா?”

“உங்க இஷ்டம், அங்கிள்.”

உதட்டைச் சுழித்தபடி ‘மாற்றம்’ என்பதை அழுத்தினார். ‘கபுர்: 1938 முதல் இன்று வரை.’ கட்டம் மறைந்தது.

பாயான் லெப்பாஸ் ஊரின் வெயில் கண்ணாடிக்கு வெளியே கொதிக்க, உள்ளே குளிர்சாதனக் காற்றில் கிணற்றடிச் சேற்றின் வாடை மெல்ல ஏறி, அவர் காப்பிக் கோப்பையிலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டது. திரையில் மீண்டும் அதே கட்டம். இப்போது அடுக்களையில். ‘சபூரா. இன்று முதல்.’

“ஃபாத்தின்! இது உன் வேலையா?”

“நான் தொடவே இல்லைலா!”

கட்டம் நடையில். கூடத்தில். வாசலில்.

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி நூர் பீவி எடுத்தாள். “ஏங்க, ஒரு அம்மா வந்திருக்காங்க. உங்க பாட்டனாருக்குச் சொந்தமாம். பின்பக்கமா வந்தாங்க. மேலெல்லாம் மண்ணு.”

“பிச்சைக்காரியா இருக்கும். தெருப்பக்கம் விடாதே!”

“வாசல்லதாங்க உட்கார்ந்திருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லணுமாம்.”

காரை விரட்டினார். எவளோ ஒருத்தி. காசு பிடுங்க வந்தவள். இப்படியே சொல்லிக்கொண்டு வந்தார், சந்துமுனை வரை. அங்கே அதே கிணற்றடி வாடை அடித்தது.

அவர் இதுவரை சலாம்கூடத் திருப்பிச் சொல்லாத அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். வழிவிட்டார்கள்.

பாட்டனாரின் நாற்காலியில் அவள். வெள்ளைத்துணி. இளம் முகம். ஹனீபாவை மேலும் கீழும் பார்த்தாள், செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல.

வாய் திறந்தாள்.

மண் கொட்டியது. ஈரமண். நிற்கவில்லை. நூர் பீவி விருந்தாளிக்கு வைக்கும் பீங்கான் தட்டை ஏந்தியபடி அவள் மோவாய்க்குக் கீழே குனிந்திருந்தாள். தட்டு நிரம்பிவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து, தெருவே கேட்க, பாட்டனாரின் பெயர் கேட்டது.