கண்ணாடி ஜாடி

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீன்காரி என்றால்தான் தெரியும். வயது பத்து. மீன் விற்கிற மீன்காரி இல்லை, வளர்க்கிற மீன்காரி.

அப்பாவிடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கிய நீலப் பெண்மீன் அன்றைக்கு முட்டையிட்டிருந்தது. சிவப்பு ஆண்மீன் சும்மா இருக்குமா? தொட்டியில் மிதந்த பாதாம் இலைக்கு அடியில் குமிழி குமிழியாக ஊதிக் கூடு கட்டி, முட்டைகளை வாயில் கவ்விக் கவ்வி அதற்குள் வைத்தது.

ஃபைட்டர் மீன்களில் ஒரு விசித்திரம் உண்டு. முட்டையிட்டதும் அம்மா மீனை வெளியே எடுத்துவிட வேண்டும். காவல் என்று வந்துவிட்டால் அப்பா மீனுக்குக் கண்மண் தெரியாது, அம்மாவையே கடித்துக் குதறிவிடும். அதனால் மீன்காரி அம்மா மீனை ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, சமையலறை அலமாரிக்குள் வைத்தாள். காரணத்தைத் தம்பியிடம் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பொடியனுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா இரவு வேலை முடிந்து அசந்து தூங்கினார். சிறப்பு வகுப்பு முடிந்து வந்த மீன்காரி தொட்டியைப் பார்த்ததும் புத்தகப் பையைக் கீழே போட்டாள். கூடு சிதறிக் கிடந்தது. அம்மா மீன் துடுப்பெல்லாம் கிழிந்து அடியில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நாற்காலி மேல் பொடியன் நின்றான். சட்டைக் கை முழங்கைவரை ஈரம்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. குரங்குக் கை, கெட்ட கை என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். கடைசியில், "உன்னாலதான் சாகப்போகுது" என்றும் சொல்லிவிட்டாள்.

பொடியன் அழவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து மெல்லச் சொன்னான்: "குஞ்சுங்களுக்கு அம்மா வேணும்ல."

போன மழைக்காலத்தில்தான் அவர்களுடைய அம்மா இறந்துபோனார். அன்றைக்கும் அவன் இப்படித்தான், அழாமல் இதே மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனுக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

ஜாடிக்கு மாற்றியும் சாயங்காலம் அம்மா மீன் செத்துப்போயிற்று. இருவரும் அதைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தார்கள். அப்போதுதான் பொடியன் அழுதான். அழுதான் என்றால் அப்படியோர் அழுகை! அது மீனுக்காக மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

பிறகு அவனைத் தொட்டியிடம் கூட்டிப்போய், "இங்க பாருடா" என்றாள். அப்பா மீன் விழுந்துகிடந்த முட்டைகளைத் தேடித் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தது. புதுக் குமிழி ஊதுவதும் ஒவ்வொன்றாய் வைப்பதுமாக ஒரே வேலை. பொடியன் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தான்.

பிழைத்த முட்டைகள் பொரிந்தன. சில நாளில் மயிரிழை போன்ற குஞ்சுகள் தாமாகவே நீந்தத் தொடங்கின. இனி அப்பா மீனையும் எடுத்தாக வேண்டும், இரை என்று நினைத்துக் குஞ்சுகளை விழுங்கிவிடும். இந்த முறை அவள் தம்பியை மடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

"அப்பாவுமா போகணும்?"

மீன்காரி யோசித்தாள். அப்பா மீனை அதே கண்ணாடி ஜாடியில் விட்டாள். ஆனால் அலமாரிப் பக்கமே போகவில்லை. தொட்டியை ஒட்டி, கண்ணாடியோடு கண்ணாடி உரசும்படி வைத்தாள்.

"எங்கயும் போகலடா. இங்கயேதான் இருக்கும். குஞ்சுங்களுக்குத் தெரியும்."

பொடியன் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவையும் இப்படி வச்சிருக்கலாம்ல?"

எந்த அம்மா என்று அவள் கேட்கவில்லை. "வச்சிருக்கலாம்டா" என்றாள்.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார். பொடியன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"இங்கயே உக்காருப்பா. எங்கயும் போகாத."

அவர் மீன்காரியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.