வெளுக்காத நுரை

மூன்றாவது தடவை சோப்புப் போட்ட பிறகும் நுரை கறுப்பாகத்தான் வந்தது.

நிர்மலாதேவி உள்ளங்கையைச் சாயங்கால வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பெட்டியில் கறுப்புச் சாயமே கிடையாது. கருமை வேண்டுமென்றால் பழுப்பையும் நீலத்தையும் சேர்த்துக் குழைத்துக்கொள்வாள். அதிலும் இந்த மெல்லிய பிரஷ் இன்றைக்குத் தொட்டது குன்றிமணி அளவுச் சாயம்தான்.

பிரஷ் கழுவுவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சோற்றுப் பானையை ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போவாள், பிரஷ்ஷைப் போடமாட்டாள். முதலில் பழந்துணியில் துடைக்க வேண்டும். பிறகு டர்பெண்டைனில் அலசி, மறுபடி துடைத்து, உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, முடியை அதில் வட்டவட்டமாகச் சுழற்றி, நுரை வெள்ளையாகும்வரை விடக்கூடாது. முடியைப் பிடித்திருக்கும் தகரக் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் சாயம் காய்ந்துவிட்டால் முடி விரிந்து போகும், அப்புறம் அதை வைத்து வீடுதான் கூட்டலாம். கண் எழுதுகிற பிரஷ்ஷுக்கு இரண்டு சோப்பே அதிகம். பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து அவள் நாலாவது சோப்புப் போட்டாள். அடுத்த தெருவில் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. டர்பெண்டைன் வாடைக்கு நடுவே லேசாகச் சம்பங்கி வாசம் வந்தது. பக்கத்தில் எங்கும் சம்பங்கி இல்லை.

"எம்மா, கரண்ட் போயிட்டா?" உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த காவியா கேட்டாள். ஏழு வயது.

"தறி ஓடுத சத்தம் கேக்கல? கரண்ட் இருக்குட்டி."

நிர்மலா பிரஷ்ஷை அழுத்திச் சுழற்றினாள்.

இறந்தவர்களின் படம் எழுதுவதுதான் அவள் தொழில். காலையில் பனவடலிசத்திரத்துக்குப் போய் வந்திருந்தாள். அன்னக்கிளி என்கிற அம்மாளுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம். படம் முழுக்க இங்கேயே எழுதி முடித்தாயிற்று, கண்கள் மட்டும் பாக்கி. கண்ணைத் துக்க வீட்டில் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்பது அந்த அம்மாளுடைய தம்பி பிச்சையாவின் கண்டிப்பு. சாயங்காலம் மாலை சாத்திவிட்டால் அந்தக் கண் இறந்தவருடையதாகிவிடும் என்பது ஐதீகம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் காவியாவையும் கூட்டிப் போனாள்.

அங்கேதான் சிக்கல். அவர்கள் கொடுத்திருந்த ஒரே போட்டோ, ஏதோ அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள்தான் இருந்தன. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவள் காவியாவைப் படத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மையவே பாருட்டி, சிமிட்டாத" என்று சொல்லி, அந்தக் கண்களைப் பார்த்தே எழுதிவிட்டாள். உயிரோடு இருப்பவர் கண்ணை இறந்தவருக்கு எழுதக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கிளம்பும்போது காவியா வாசலில் நின்று படத்தைப் பார்த்துக் கையாட்டினாள். "போயிட்டு வாரேன் அத்தை."

வீட்டிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அதிலும் 'வாரேன்' என்று சொல்லவே கூடாது.

"சின்னப் பிள்ளைல்லா அண்ணாச்சி, தெரியாமச் சொல்லிட்டா," என்றாள் நிர்மலா.

பிச்சையா அவளைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார். "எங்க அக்கா மகளும் வாரேன்னு சொல்லிட்டுத்தான் தாயி போனா. வரவே இல்ல. அக்கா சாகுத வரைக்கும் வாசலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தா."

பஸ்ஸில் காவியா கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். தூசியாக இருக்கும் என்று நிர்மலா நினைத்தாள்.

"எம்மா, இருட்டிட்டு. லைட்டப் போடும்மா."

நிர்மலா நிமிர்ந்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. முற்றத்துத் துணிகளின் மேல் பளீரென்று வெயில் அடித்தது.

"விளையாடாத காவியா. இந்தா வாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஐந்தாவது சோப்பு. இந்தத் தடவை நுரை கொஞ்சம் வெளுத்திருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. குழாயை நன்றாகத் திறந்து கையை நீட்டினாள். கறுப்பு நீர்த்து, ஓரங்களில் நிறம் பிரிந்தது. அது கறுப்பே இல்லை. அடர்ந்த பழுப்பு. விளிம்பில் தேன் போல ஒரு வளையம். காலையில் ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்து எழுதிய நிறம். ஏழு வருஷமாகத் தினமும் காலையில் எழுப்பிப் பார்க்கிற நிறம்.

தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குழாயை மூடினாள். குனிந்து சிமெண்டுத் தரையில் போகிற நுரையை இரண்டு கையாலும் வாரினாள். விரலிடுக்கில் வழிந்தது. மறுபடி வாரினாள். வாளியில் விட்டாள். பாதி போய்விட்டது. முக்கால்வாசி போய்விட்டது.

செல்போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள். கொட்டுச் சத்தம், பெண்களின் அழுகை. அதற்கு மேலே பிச்சையாவின் குரல் நடுங்கியது.

"தாயி, பிள்ள வீட்லதான இருக்கா?"

"இருக்கா அண்ணாச்சி. ஏன்?"

"படம் முழிச்சி முழிச்சிப் பாக்கு தாயி. நாம போற பக்கமெல்லாம் கண்ணு வருது. யாரையோ தேடுத மாதிரி. தண்ணியா வடியுது. சாயம் காயலயோன்னு நெனச்சோம், தொடச்சாலும் நிக்கல."

"அண்ணாச்சி, மாலை போட்றாதீங்க. கேக்குதா? மாலை போடாதீங்க!"

கொட்டுச் சத்தம் ஓங்கியது. அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

"இப்பம் சம்பங்கி மால சாத்துதாங்க, அப்புறமாப் பேசுதேன்," என்றார்.

பின்வாசலில் ஏதோ உரசியது.

சுவரைத் தடவித் தடவி வந்தது ஒரு சின்னக் கை. பிறகு தோள். பிறகு முகம். காவியாவின் மூக்கு. காவியாவின் வாய். புருவத்துக்குக் கீழே கன்னம் வரைக்கும் ஒன்றுமே இல்லை. இமை இல்லை, குழி இல்லை. இன்னும் கண் எழுதாத படம்.

சம்பங்கி வாசம் குப்பென்று அடித்தது. காவியா நெற்றிக்கு முன்னால் எதையோ விலக்குவதுபோலக் கையை வீசினாள். வெறுங்காற்றுதான் இருந்தது.

"எம்மா," என்றாள், "யாரும்மா எனக்கு மாலை போடுதா?"