ஆத்தாவால் முடியாத கல்

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஐம்பத்தேழாம் வருடத்து மழை, கொழுந்துக் கூடையோடு வந்த சண்முகவடிவை மாரியம்மன் கோயிலுக்குள் விரட்டியது. ஓடி வந்தவள் நேரே ஈரச் சிமெந்தில் காலை வைத்தாள்.

"காலையிலேர்ந்து பூசுன தரைங்க..."

சொன்னவன் செல்லசாமி. கோயில் கட்டட வேலைக்குக் கந்தப்பளையிலிருந்து வந்திருந்த மேசன். திட்ட வாய் திறந்தவன் அவள் கண்களைப் பார்த்துவிட்டான். இமையெல்லாம் மழைத்துளி... அப்புறம் எங்கே திட்டுவது?

"ஆத்தா கோச்சுக்க மாட்டா. அவளால முடியாதது ஒண்ணும் இல்ல. தரைய அவளே சரி பண்ணிக்குவா," என்றாள் வடிவு.

"அப்புடிங்களா? அவளாலயே தூக்க முடியாத ஒரு கல்ல அவளால உண்டாக்க முடியுங்களா?"

முடியும் என்றால் தூக்க முடியாது. முடியாது என்றால் உண்டாக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் ஆத்தாவுக்கு முடியாதது ஒன்று இருக்கிறதே! லயத்து வீடுகளில் யாரும் மடக்காத வடிவு கூடையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டாள். மூன்று நாள் கை தன் பாட்டுக்குக் கொழுந்து பறித்தது. மனசு கேள்வியை நினைத்ததா, கேட்டவனை நினைத்ததா... அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

நாலாம் நாள் பதிலோடு வந்தாள்.

"உண்டாக்குவா. ஆனா தூக்க மாட்டா. கல்லு தூக்கத்தான் ஒங்கள வச்சிருக்கா."

செல்லசாமி சிரித்த சிரிப்பில் சிமெந்துக் கரண்டி கை நழுவியது. அந்த மாதமே பெண் கேட்டு வந்துவிட்டான்.

அப்பா பழனியாண்டிக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் பூக்கட்டிப் பார்க்காமல் அவர் வீட்டில் கல்யாணம் கிடையாது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்பு. ஆத்தா முன்னால் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். சிவப்பு வந்தால் பேச்சு அத்தோடு சரி. அக்கா நாகலெட்சுமிக்குச் சிவப்புதான் வந்தது. மனசுக்குப் பிடித்தவனை விட்டுவிட்டுப் பொகவந்தலாவையில் யாருக்கோ வாழ்க்கைப்பட்டாள். அவள் அழுததை வடிவு மறப்பாளா?

"செவப்பு வந்தா நான் போயிருவேன், வடிவு. ஒங்கப்பாகிட்ட மல்லுக்கட்டிப் பொண்ணு எடுக்குற ஆளு நான் இல்ல," என்று செல்லசாமி வேறு வீம்பாகச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பொட்டலம் கட்டும் வேலை வடிவுக்கே வந்தது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. பழனியாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் வெளியே போன பிறகும் செல்லசாமி சாமியைப் பார்த்தபடியே நின்றான். பக்கத்தில் வடிவு மட்டும்.

"இத்தன நாளா கிண்டல் பண்ணேன். ஆனா பாத்தியா... அவளே சரின்னு சொல்லிட்டா."

ஆத்தாவைத்தான் ஏமாற்றியாயிற்று. இவனையும் ஏமாற்ற வடிவுக்கு மனசு வரவில்லை.

"அவ சொல்லலங்க... ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன். மாட்டேன்னு அவளால சொல்ல முடியாதபடி கட்டிப்புட்டேன்."

செல்லசாமி மற்ற பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். வெள்ளைதான்.

"அப்ப சரின்னு சொன்னது யாரு?"

"நாந்தான்..." அவள் தலை நிமிரவில்லை. "ஒங்கள விட்டுட்டு இருக்க என்னால முடியாதுங்க."

வெளியே பழனியாண்டி கூப்பிட்டார். செல்லசாமி அந்தப் பொட்டலத்தைச் சுருட்டித் தன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.

"எனக்கும் முடியாது," என்றான்.